என் சிலைக்கு என் உடம்பு வேண்டி

அனுப்புநர்:
குண்டு எறிதல் தேசிய சாம்பியன்,
மாடி வீடு, விளையாட்டரங்கப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அதிகாரி அவர்கள்,
விளையாட்டரங்க அலுவலகம்.

பொருள்: சிலையின் கால் கட்டைவிரல் உடைந்தது குறித்த விளக்கமும், சிலையின் மீதி உடம்பு குறித்த புகாரும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாம்பியன் சிலையின் கட்டைவிரலை இரும்புக்குண்டால் உடைத்த "அடையாளம் தெரியாத பருமனான பெண்" பற்றித் தகவல் கேட்டு, தாங்கள் அரங்கச் சுவரில் ஒட்டியுள்ள அறிவிப்பைப் படித்தேன். அந்தப் பருமனான பெண் நான்தான். அந்தச் சிலையும் நான்தான். இந்த இரண்டாவது செய்தியை யாரும் நம்ப மறுப்பதே என் புகார்.

2. பள்ளியில் எனக்கு 'குண்டு' என்றுதான் பெயர். விளையாட்டு ஆசிரியை ஒருநாள் நிஜமான இரும்புக்குண்டை என் கையில் வைத்து, "இனிமே எவனாவது குண்டுன்னு கூப்பிட்டா, இதைத்தான் கேக்கறான்னு நெனச்சு அனுப்பி வை" என்றார். அனுப்ப நேரவில்லை, கூப்பிடுவது அன்றே நின்றுவிட்டது. பிறகு பள்ளிப் போட்டி, வட்டாரப் போட்டி, தேசியப் போட்டி என்று ஏறி, நான்கு முறை தொடர்ந்து தங்கம் வென்றேன். இந்தத் தோளும் தொடையும் சும்மா வந்தவையல்ல. எடைப் பயிற்சியாலும், பயிற்சியாளர் முறைத்துக்கொண்டே ஊட்டிய முட்டைகளாலும் வந்தவை. முழங்கால் அறுவைச் சிகிச்சையின்போது எல்லாம் கரைந்து, அழுதுகொண்டே மறுபடி சேர்த்தவை.

3. சிலை செய்ய உத்தரவானதும் சிற்பி வீட்டுக்கே வந்து அளவெடுத்தார். "இப்படி ஒரு தோளைச் செய்யக் குடுத்து வெச்சிருக்கணும்மா" என்று அவர் சொன்னபோது எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஆனால் சிலைக் குழுவினர் அவரை அழைத்து, "குண்டு கையில இருந்தா போதும், ஆளு குண்டா இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதன் விளைவு வாசலில் நிற்கிறது. கொடி இடை, மருந்துக்குக்கூடத் தோள் இல்லை. இடதுகைக்காரியான என்னை வலதுகைக்காரியாக்கியிருக்கிறார்கள். குண்டைக் கழுத்தோடு அணைத்துத்தான் எறிய வேண்டும். சிலையோ கடையில் பழம் பார்ப்பதுபோல் அதைக் கையில் ஏந்தி யோசிக்கிறது.

4. திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் சிலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நேராக வந்து என் தங்கைக்குப் பொன்னாடை போர்த்தினார். அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள், ஒல்லி. "ஐயோ, நான் இல்ல சார், அக்கா" என்று அவள் பதறியதை அவர் தன்னடக்கம் என்று ஒலிபெருக்கியில் பாராட்டினார். கைதட்டியவர்களில் தாங்களும் ஒருவர் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். இப்போது இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள் அவளிடம் கையெழுத்தும் வாங்கிப் போகிறார்கள்.

5. அடுத்த மாதம் தேர்வுப் போட்டி. பயிற்சிக்கு வந்த என்னைப் புதிய வாயிற்காவலர் தடுத்தார். சிலையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சாம்பியன் அவங்கம்மா. உடம்பு குறைக்கிற இடம் எதிர்த்த கட்டடம்" என்று அக்கறையாக வழி சொன்னார். அந்த நேரம் பார்த்து என் தங்கை எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். அவளுக்கு விறைப்பாக ஒரு வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். என் சாப்பாடு உள்ளே, நான் வெளியே.

6. நான்தான் சாம்பியன் என்று மன்றாடினேன். "அப்ப போட்டுக் காட்டுங்க" என்று சிரித்தார். கோபம் வந்தது உண்மை. ஆனால் எறிந்தது முறைப்படிதான். புல்வெளியில் ஆள் இல்லை என்று உறுதிசெய்து, தங்கையை மரத்தடிக்குப் போகச் சொல்லி, பயிற்சிப் பையில் இருந்த குண்டை எடுத்து, நெஞ்சளவு இருந்த கதவுக்கு மேலாக எறிந்தேன். சிலைக்கு முன்னால் உள்ள புல்லில் விழும் என்றுதான் கணக்குப் போட்டேன். குண்டு தரையைத் தொடாமல் நேரே கட்டைவிரலில் போய் இறங்கியது. காவலர் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார். அவர்மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவர் சிலையை நம்பினார், அவ்வளவுதான்.

7. விரலை ஒட்டித் தருமாறு சிற்பியிடம் கேட்கப் போனேன். அவர் ஓர் ஈரத்துணியை விலக்கினார். என்னை அளவெடுத்து முதலில் செய்த களிமண் உருவம் அங்கே இருந்தது. கழுத்தோடு அணைத்த குண்டு, புடைத்த தோள், மடங்கிய முழங்காலில் தழும்புகூட இருந்தது. கண்ணாடியில் இத்தனை வருடம் பார்த்தும் நான் இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த உருவத்தையே வாசலில் நிறுத்த உத்தரவிடுங்கள். பீடத்தை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

8. கடைசியாக ஒன்று. குற்றத்தின் தன்மையைக் காட்ட, நான் நின்ற இடத்திலிருந்து கட்டைவிரல்வரை நாடா பிடித்து அளந்து, அந்தத் தூரத்தை அறிவிப்பில் குறித்துள்ளீர்கள். அது என் தேசியச் சாதனையைவிட ஒரு சாண் அதிகம். அதைப் படித்த பயிற்சியாளர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். வட்டத்துக்குள் நின்று எறியாததால் அது செல்லாது என்பதை அறிவேன். முறையாக மறுபடி எறிந்து பார்க்க, தங்கள் அறிவிப்புக்குப் பின் எனக்கு மறுபடி அடைக்கப்பட்ட கதவைத் திறந்து, நாளைக் காலை முதல் என்னை உள்ளே அனுமதிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். அனுமதி தாமதமானால் பயிற்சியை வெளியிலிருந்தே தொடர நேரிடும். அப்படியானால், தங்கள் அலுவலக சன்னல் சிலைக்கு நேர்பின்னால் இருப்பதைக் கருத்தில் கொள்ளவும். நான் இன்னும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இடம்: அரங்க நுழைவாயில், வெளிப்புறம்
தேதி: தங்கள் அறிவிப்பு ஒட்டப்பட்ட மறுநாள்

கதவு திறக்கக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தேசிய சாம்பியன்