நான் மாற்றிக் கொடுத்த இலைகள்

காலையில் மாடித் தொட்டியிலிருந்த தக்காளிச் செடியில் பழுத்த இலையைக் கிள்ளினேன். விரலில் ஒட்டிய காட்டமான வாசனை உன்னிடம் கொண்டுபோய் விட்டது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

செவிலிமேட்டை ஒட்டிய அந்த விதைப் பண்ணையில் நான் உனக்கு நான்கு வருஷம் மூத்தவள். தக்காளியின் வீரிய ஒட்டு விதையில் தாய்ச்செடி விதை கலந்திருக்கிறதா என்று வயலில் நட்டு, காய்க்கும்வரை பார்த்துச் சொல்வது என் வேலை. மூன்று மாதம் ஆகும். என் ஒரு சொல்லுக்காகக் கிடங்கே காத்திருக்கும். அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

பிறகு நீ டி.என்.ஏ. சோதனையைக் கற்றுக்கொண்டு வந்தாய். நாற்றின் இலைத் துணுக்கு போதும், நான்கே நாள். விளக்கொளியில் ஆரஞ்சுக் கோடுகளைக் காட்டி, "அம்மாவோட கோடு ஒண்ணு, அப்பாவோட கோடு ஒண்ணு. ரெண்டும் இருந்தாதான்கா ஒட்டு விதை" என்றாய். மேலாளர் என்னிடமே கேட்டார்: "இனிமே எதுக்குமா மூணு மாசம் காத்துக்கினு இருக்கணும்?"

அடுத்த சோதனைக்கு இலை கிள்ளித் தரும் வேலை எனக்கு. பக்கத்துத் தட்டிலிருந்த தாய்ச்செடி நாற்றுகளில் கிள்ளி உன் உறைகளில் போட்டேன். நீ தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

"முழுக்கத் தாய் விதை" என்று எழுதிக் கொடுத்தாய். விதையை ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள். உனக்கு மனசு கேட்காமல் நீயே இலை கிள்ளி மறுபடி பார்த்தாய். எல்லாவற்றிலும் இரண்டு கோடு. அந்தத் தட்டைப் பார்த்தாய், பிறகு என்னை.

"இலையை நான்தான் மாத்திட்டேன் சார்" என்றாய். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாய். நான் நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மதியம் வழக்கம்போல உன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாய். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்கு வயிறெரிந்தது.

காரியத்தன்று சின்ன காஞ்சிபுரம் வீட்டில் உன் கணவர் சொன்னார்: "உங்களப் பத்திப் பேசிக்கினே இருப்பா. 'அந்த அக்கா செடியப் பாத்தாலே சொல்லிடுவாங்க, எனக்கு அந்தக் கண்ணு இல்லியேன்னு பொறாமையா இருக்குது'ம்பா."

பொறாமையைக்கூட நீ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். என் வீட்டில் உன் பெயரையே நான் எடுத்ததில்லை.

இத்தனை வருஷம் கழித்து நேற்று மேலாளருக்கு போன் செய்து, இலையை மாற்றியவள் நான்தான் என்றேன்.

"எந்த இலைமா?" என்றார். அவருக்கு நினைவே இல்லை. இனி அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.