நான் பேசாத பேச்சு

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

என் உயிரான மகன் அயானுக்கு அம்மி எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நீ டோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நோகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவும் தங்கை ஆஃப்ரீனும் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். கீழ்வீட்டுக் கைசர் ஜஹானின் மருமகன் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆஃப்ரீனுக்குக் காலேஜ் விழாவுக்குப் புடவை எடுக்க நாங்கள் மூன்று பேரும் தி.நகர் போனோம். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் எஸ்கலேட்டரில் ஏறும்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், "அன்பு வாடிக்கையாளர்களே, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றது. உன் அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி, இதற்கு எப்போது போய்ப் பேசினாய், சொல்லவே இல்லையே என்று கேட்டார். அயான், நான் பேசவே இல்லை. ஆனால் அது என் குரல். 'ழ' வரும்போது மூச்சை லேசாக இழுப்பேனே, இருபத்திரண்டு வருஷம் சீரியல் மாமியார்களுக்கெல்லாம் டப்பிங் பேசிப் பேசி வந்த பழக்கம், அதுகூட அப்படியே இருந்தது. மேலே புடவை எடுத்துப் போட்ட பெண்ணிடம் இந்தக் குரல் எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டேன், பெயர்ச்சீட்டில் தமிழ்நிலா என்று இருந்தது. "இன்னாக்கா இப்டி கேக்குற, ரெண்டு மாசமா காலைலேர்ந்து இதான் ஓடிக்கினு கீது, எங்களுக்கே மனப்பாடம்" என்றாள். அப்புறம் என் முகத்தையே பார்த்தவள், "அய்ய, நீதானாக்கா அது?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா, நீயே சொல். புடவை எடுக்காமலே வந்துவிட்டோம்.

கடை மேனேஜர் அதைச் செய்துகொடுத்த கம்பெனியின் விலாசத்தைத் தந்தார், மறுநாள் சைதாப்பேட்டைக்குப் போனோம். மாடிப்படியைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்பு, ஆடியோ கதைப் புத்தகத்துக்கு என்று சொல்லி மூன்று நாள் மைக் முன்னால் உட்கார வைத்துத் தலையும் வாலும் இல்லாத வாக்கியங்களாகப் படிக்கச் சொன்னார்கள், பன்னிரண்டாயிரம் கொடுத்தார்கள், அதே இடம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் தாங்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் காட்டினார், முழுக்க இங்கிலீஷ், என் குரலை மெஷினுக்குப் பழக்கி எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்று ஐந்தாவது பக்கத்தில் இருக்கிறதாம். "கோச்சுக்காதீங்க மேடம், எவ்ளோ அழகா வந்துருக்குன்னு நீங்களே கேளுங்க" என்று கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். "என் பெயர் ஜஹனாரா, நான் நலமாக இருக்கிறேன்" என்று அது என் குரலில் சொன்னது. அவர் அதோடு விட்டாரா, மெஷின் சில வார்த்தைகளில் தடுமாறுகிறது, தினம் வந்து கேட்டுத் திருத்திக் கொடுத்தால் நாளுக்கு எண்ணூறு தருகிறோம் என்றார். உன் அப்பாவைத் தெரியும்தானே, தையல் மெஷின் முன்னால் குனிந்தால் நிமிராத மனுஷர், கஸ்டமரிடம்கூடக் குரல் உயர்த்த மாட்டார், அன்றைக்கு எழுந்து நின்று, "அவ தொண்டைய எடுத்துக்கினீங்க, இப்ப காதும் வேணுமா உங்களுக்கு" என்று கத்திவிட்டார். எனக்குக் கம்ப்யூட்டர் பேசியதைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி.

டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் போய்ச் சொன்னேன். என்னோடு சேர்த்துப் பதினோரு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. வக்கீல் வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள் இழுக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. ரம்ஜானுக்குப் பிறகு எனக்கு வந்தது நாலே நாலு டப்பிங். நீ கேட்கும்போதெல்லாம் வேலை நிறைய, தொண்டை கட்டியிருக்கிறது என்றேனே, அத்தனையும் பொய். எனக்கு வயசாகிவிட்டது, இளசான குரலாகத் தேடுகிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டவில்லை. பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன், போன மாதம் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன், உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஆஃப்ரீனிடம் சத்தியம் வாங்கினவளும் நான்தான். அந்த எண்ணூறு ரூபாயை இரண்டு நாள் யோசித்தேன் அயான், அவள் காலேஜ் ஃபீஸ் கண் முன்னால் நின்றது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மேடையில் பேசச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், காலாண்டு லீவு முடிந்ததும் சேர வேண்டும். சம்பளம் கம்மிதான். அது கைக்கு வரும்வரை மூன்று மாத வீட்டு வாடகையை நீ அனுப்பு. உன்னிடம் கேட்கிறேன் என்று எழுத முடியாமல் நாலு தாள் கிழித்துப் போட்டேன்.

இன்று முதல் மாத்திரையைத் தினமும் போடுகிறேன், உன் அப்பா டப்பாவைத் தன் மெஷின் மேலேயே வைத்துக்கொண்டார். நீயும் வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே, ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உழைப்பில் பரக்கத்தையும் தரட்டும், உன்னைப் பார்க்கும் நாளை எங்களுக்குச் சீக்கிரம் காட்டட்டும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பணம் அனுப்பு என்று என் குரல் ஃபோனில் அழுதால் நம்பாதே. உடனே உருதுவில் எதையாவது கேள். அந்தக் கம்பெனிக்கு நான் தமிழ் மட்டும்தான் படித்துக் கொடுத்தேன். உன்னைத் தூங்க வைத்தது, திட்டியது, ஏர்போர்ட்டில் கட்டிக்கொண்டு அழுதது எல்லாம் உருதுவில்தான், அதை நான் யாருக்கும் விற்கவில்லை.

துஆவுடன்,
உன் அம்மி
ஜஹனாரா