டூரின் சீமாட்டி எழுதிய பக்கம்

ஓர்வியேத்தோ
15 ஜனவரி 1961

என் அன்பு மகள் எர்சிலியாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இது வழக்கம்போல நான் சொல்லப் பாதிரியார் எழுதியதல்ல, நானே எழுதுவது. அறுபத்தெட்டு வயதில் பிடித்த பேனா. இந்தப் பக்கத்துக்கு மூன்று மாலைகள் ஆயின. மதுக்கடை டெலிவிஷனில் ஒரு வாத்தியார் என்னைப் போன்ற கிழடுகளுக்குப் பாடம் நடத்துகிறார். நான் முதலில் படித்த சொல், உப்பும் விற்கும் நம் புகையிலைக் கடையின் பலகையில் இருந்த "உப்பு". நாற்பது வருடம் அதன் கீழே நின்றிருக்கிறேன்!

விடுதியில் பெட்டி தூக்கி ஓய்ந்த நேரமெல்லாம், பயணிகள் கிளம்பும்போது எழுதிவிட்டுப் போகும் பழைய ஏடுகளைப் படிக்கிறேன். "பேராலயத்தைப் பார்த்து அழுதேன், கட்டிலில் படுத்தும் அழுதேன்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் முயல்கறிக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். ஓரிடத்தில், "பெட்டி தூக்கும் உல்தெரிகோ மூன்று மாடியும் பாடிக்கொண்டே ஏறுகிறான், சகிக்கவில்லை." என் பெயர், மகளே!

1948 வரை வந்துவிட்டேன். இதே விடுதியில் அறை துடைத்த உன் அம்மாவையும் யாராவது நினைத்திருக்க மாட்டார்களா?

உன் அப்பா
உல்தெரிகோ

சார்லெருவா
பெல்ஜியம், 24 ஜனவரி 1961

அன்புள்ள அப்பா,

அடுப்படியில் நின்றபடியே படித்துச் சிரித்தேன். ரெனாத்தோ சுரங்கத்திலிருந்து வந்ததும் அவருக்கும் படித்துக் காட்டினேன். இந்த ஈஸ்டருக்கு வருகிறோம் அப்பா. பதினோரு வருடம் போதும்.

ஒன்று மட்டும். அம்மா பேச்சு வேண்டாம். விடுதியில் தங்கிய அந்த டூரின் சீமாட்டி சட்டையில் குத்தும் தங்க புரோச்சை எடுத்ததாக அவளே ஒப்புக்கொண்டாள் என்று என்னிடம் சொன்னது நீங்கள்தான். அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் எப்படி நடந்திருப்பேன்? கல்லறைக்கும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

உங்கள் மகள்
எர்சிலியா

ஓர்வியேத்தோ
9 பிப்ரவரி 1961

என் எர்சிலியாவுக்கு,

இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. கூட வைத்திருக்கும் பக்கத்தை முதலில் படி. 1950 செப்டம்பர். அம்மாமேல் பழி சொன்ன அதே டூரின் சீமாட்டி மறு வருடம் வந்து எழுதியது:

"என் புரோச் என் கையுறைக்குள்ளேயே இருந்தது. அப்போதே விடுதி முதலாளிக்குக் கடிதம் போட்டேன். அர்ஜியாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வந்தேன். அவள் ரோமில் நல்ல வேலையில் இருப்பதாக முதலாளி சொன்னார், மனம் ஆறியது."

உன் அம்மா அர்ஜியா அப்போது இரண்டு தெரு தள்ளி, ஊரார் துணியைத் துவைத்தபடி இருமிக்கொண்டிருந்தாள். சீமாட்டி இதை எழுதியபோது, மை உலரும்வரை பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

முதலாளி பஸ்தியானியிடம் காட்டினேன்.

"என்னய்யா உல்தெரிகோ, நாலு எழுத்து தெரிஞ்சதும் வக்கீலாயிட்டியா?"

"அவ செத்துட்டா, முதலாளி. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? ஒண்ணும் அறியாதவளைத் துரத்தினவன்னு ஊர் என் மூஞ்சியில துப்பறதுக்கா? பழசைக் கிளறாத. போ, பன்னெண்டாம் நம்பர் பெட்டியைக் கீழ இறக்கு."

போய் இறக்கினேன். பிறகு திரும்பி வந்து, சமையல் கத்தியால் பக்கத்தை அறுத்துக்கொண்டேன். நம் வீட்டில் ஒருவர் திருடியது இதுதான் முதல்முறை.

இனி எழுதுவதுதான் கடினம். அம்மா ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. உன் தலைமேல் ஆணையிட்டுச் சொன்னாள். "அவ ஒத்துக்கிட்டான்னு நீ சொல்லு, உன் வேலை நிக்கும்" என்றார் முதலாளி. சொன்னேன். ஊருக்குச் சொன்னேன். உனக்கும் சொன்னேன். இத்தனை வருடமும் என் கடிதங்களைப் பாதிரியார்தான் எழுதினார். அவர் கைவழியாக இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அப்பா

சார்லெருவா
20 பிப்ரவரி 1961

அப்பா,

சாகும் முன் அம்மா என் கல்யாணப் படம் ஒன்று கேட்டுப் பாதிரியாரை எழுதவைத்தாள். "திருடிக்கு எதுக்கு?" என்று ரெனாத்தோவிடம் சொன்னேன். அனுப்பவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன். அவளிடம் மட்டும். ரயிலடிக்கு நீங்கள் வர வேண்டாம்.

எர்சிலியா

ஓர்வியேத்தோ
5 மார்ச் 1961

எர்சிலியாவுக்கு,

ரயிலடிக்கு வரமாட்டேன். அன்று வீட்டைவிட்டு வெளியே வரவும் மாட்டேன்.

பக்கம் போனது தெரிந்து முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். மதுக்கடையில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று, அவள் திருடவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். "பத்து வருஷமா மண்ணுக்குள்ள கிடக்கறவளுக்கு இப்ப வந்து சொல்றியேப்பா" என்றான் நாவிதன். அதற்குப் பிறகு என் மேசையில் யாரும் உட்காருவதில்லை. அவர்கள் செய்வது சரி.

கல்லறைத் தோட்டத்தின் பெரிய வாசல் பூட்டியிருக்கும். பக்கத்துச் சின்னக் கதவைத் தள்ளு. மதிலோரமாக நான்காவது வரிசை. கல் கிடையாது, மரச்சிலுவைதான். யாரிடமும் வழி கேட்க வேண்டியிராது.

நீ பதில் போட வேண்டாம். ஆனால் அவளுடைய கடைசி மாதங்களை நீ பார்க்கவில்லை. என்ன சாப்பிட்டாள், எதைக் கேட்டாள், உன்னைப் பற்றி என்ன சொன்னாள், எல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும். முதலில் 1950 அக்டோபர் வரைக்கும் உள்ளதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உல்தெரிகோ