மருந்துக் கணக்கில் இரண்டாவது ஆள்

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டேன்.

"யாருக்குண்ணே?"

"என் பொண்ணுக்கு."

"என்ன பிரச்சனை?"

"கணக்கு."

பின்னால் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். உளறிய வெட்கத்தில் ஒன்றுக்கு இரண்டாக சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு நழுவினேன்.

மகள் நர்சிங் படிக்கிறாள்; சிரிஞ்ச் வீட்டில் அளந்து பழக. மருந்தளவுக் கணக்கில் பத்துக்குப் பத்து எடுத்தால்தான் வார்டுக்குள் விடுவார்களாம். இரண்டு தடவையும் ஒன்பது. வரும் செவ்வாய் கடைசித் தடவை. தவறினால் படிப்பே போச்சு. காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்தேன்.

மார்ச் 4

ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போனால்தான் மருந்து கொடுப்பார்களாம். வீட்டில் அந்த இரண்டாவது ஆள் நான். பெயின்ட் கடையில் கலர் கலக்குபவனுக்கு வந்த வாழ்வு! அவள் தாளை எட்டிப் பார்த்து அதையே எழுதி, "சரிம்மா" என்றேன். எட்டாம் வகுப்பிலேயே கைவந்த கலை.

மார்ச் 5

மாட்டிக்கொண்டேன். ஒரு குழந்தைக்கு 125 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். பாட்டிலில் 5 மில்லிக்கு 250. புத்தகத்தில் விடை 2.5 மில்லி. நாங்கள் இருவரும் 10!

"ரெண்டு பேருக்கும் எப்படிப்பா ஒரே தப்பு வரும்?"

பார்த்து எழுதியதைச் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "நாலு மடங்குப்பா. குழந்தை தாங்குமா?" என்றாள். அதற்குப் பதில் அவள் கத்தியே இருக்கலாம்.

மனைவி தீர்ப்பு சொன்னாள்: "இனிமே ரெண்டு பேரும் முதுகு காட்டி உக்காருங்க."

மார்ச் 8

வேண்டிய அளவைப் பாட்டிலில் உள்ள அளவால் வகுத்து, மில்லியால் பெருக்கு: அவள் சொல்லிக்கொடுத்த சூத்திரம். கடையில் டப்பா மூடியிலெல்லாம் போட்டுப் பார்க்கிறேன். முதலாளி, "என்னய்யா, புது கலரா?" என்கிறார்.

மார்ச் 10

பத்துக்குப் பத்து! ஆனால் பயம் இறங்கவில்லை — இனிமேல் கணக்கு தாளில் இல்லையே, நிஜக் குழந்தைகள்.

மார்ச் 19

சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"0.6 மில்லி வரணும்ப்பா. நான் 6னு எழுதிட்டேன். சீனியர் சிஸ்டர் தனியாப் போட்டுப் பாத்து நிறுத்திட்டாங்க. குழந்தைக்குப் போகல. போகலப்பா..."

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கணக்கை அவளே மறுபடி போட ஆரம்பித்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கும்மா?"

"ஏழு மணிக்கு டியூட்டி."

"சரி, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்" என்றேன்.

இந்த வேலையே வேணாம்மா, விட்டுட்டு வந்துடு என்று மட்டும் சொல்லவில்லை.