அமாரோவின் வலது கை

மார்ச் 4
தெரபி மையத்துக்குப் புதிதாக ஒரு குழந்தை, அமாரோ. இரண்டு மாதம். பிரசவத்தில் தோள் சிக்கி நரம்பு இழுபட்டுவிட்டது. வலது கை துணி மாதிரித் தொங்குகிறது. படிவத்தில் குழந்தையின் அப்பா பெயரை இரண்டு தடவை படித்தேன். எலியேசெர். ஒன்பது வருடம் என் கணவனாக இருந்தவன். எங்களுக்கு ஒரு குழந்தைகூடத் தங்கவில்லை.

அம்மா யாஸ்னா. சின்னப் பெண். “பச்சப்புள்ளைக்குத் தெரபின்னா சீலோவே தீவு முழுக்க உங்கள விட்டா ஆளில்லைன்னு அவருதான் அனுப்பினாரு அக்கா.”

அவருதான்!

மார்ச் 7
அந்தக் காது. அச்சு அசல் அவன் காது.

மார்ச் 19
“பெரியம்மாகிட்ட கையக் குடுடா” என்கிறாள் குழந்தையிடம். எல்லா அம்மாக்களும் எங்களை ஏதாவது முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் வாயில் மட்டும் குத்துகிறது.

வீட்டிலும் பயிற்சி கொடுக்கட்டுமா என்று கேட்டாள். “வேணாம், தப்பாப் பிடிச்சா தோள் கழண்டுடும். நீ இங்க கூட்டிட்டு வா, போதும்” என்றேன்.

மற்றவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேனே, டயபர் மாற்றும்போதெல்லாம் செய்யச் சொல்லி? இவளுக்கு மட்டும் ஏன்—

எல்லாம் அவளுக்கே கிடைத்துவிட்டது. இந்தக் கையாவது என்னால் எழட்டும்.

ஏப்ரல் 22
முழங்கை லேசாக அசைந்தது. என் விரலுக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மே 16
புயல். அவர்கள் இருக்கும் சின்னத் தீவுக்குப் படகு இல்லை.

மே 29
இன்றுதான் அவர்களால் வர முடிந்தது. தோள் இறுகிக் கிடக்கிறது. தூக்கினால் வீறிடுகிறான். யாஸ்னா அழுதாள்.

“நீங்க வேணாம்னதால நான் தொடவே இல்லக்கா. குளிப்பாட்டறப்பகூட அந்தக் கைய விட்டுட்டேன். ஜூலைக்குள்ள கை வாய்க்குப் போகலைன்னா தலைநகருக்கு, சாந்தியாகோவுக்குப் போய் ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அடிப்பாவி, என்ன பண்ணி வச்சிருக்க நீ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். யார்மேல இருந்த எரிச்சலை யார்மேல காட்டின?

சொல்லிவிட்டேன். “தப்பு உன்னுது இல்ல. வேணும்னேதான் நான் சொல்லிக்குடுக்கல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையை என் முன்னால் கிடத்தினாள். பிறகு, “இப்பச் சொல்லிக்குடுங்க.” இந்தத் தடவை ‘அக்கா’ இல்லை.

அவள் கைமேல் என் கையை வைத்துக் காட்டினேன்.

ஜூன் 14
தோள் இளகுகிறது. விடாமல் செய்கிறாள். என்னிடம் தேவைக்குமேல் ஒரு சொல் இல்லை. அமாரோ அவளைப் பார்த்துச் சிரிக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது. எரியட்டும்.

ஜூலை 9
யாஸ்னா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வலது கையை வாயில் திணித்துச் சப்புகிறான் அமாரோ! அவளுடைய சமையலறையில். என் மையத்தில் நடக்கவில்லை, என் கண்முன் நடக்கவில்லை. பின்னால் எலியேசெரின் சிரிப்பு கேட்டது. சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20
ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யாஸ்னா வேலைக்குத் திரும்பிவிட்டாள். முதல் தடவையாக எலியேசெர் குழந்தையைத் தூக்கி வந்தான். அவனுக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

வரவேற்பில் உட்காரும் ரோசெந்தா சாப்பிடப் போயிருந்தவள், அவன் வந்துபோனதைக் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். “எப்படிடி இருக்கான்?”

“நல்லா இருக்கான். கைய நெஞ்சுக்கு மேல தூக்குறான்.”

“புள்ளைய யாரு கேட்டா? எலியேசெரு! நரைச்சிருச்சா? தொப்பை போட்டிருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். நான் கவனிக்கவே இல்லை.