ஆறு தடவை என்று சொன்னேன்

அக்கா,

நிலாவுக்கு உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பதிவுக்காக அவளுடைய ஹெல்த் புக்லெட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்துக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையில் கொடுத்த பயிற்சித் தாள் அது. இடது பக்கம் படங்கள். சுருட்டிய துண்டின் மேல் குப்புறக் கிடக்கும் குழந்தை. நெஞ்சுக்கு நேராகச் சேர்த்துப் பிடித்த இரண்டு சின்னக் கைகள். மடக்கி நீட்டும் கால்கள். வலது பக்கம் ஒரு நாளைக்கு ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சரிக்குறி. எல்லாம் ஒரே நீல மை, எல்லாம் ஒரே சாய்வு. மருத்துவமனைக்குப் போகும் டாக்சியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நான் போட்ட குறிகள்.

உங்கள் தாள் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் பென்சில், ஒரு நாள் சிவப்பு, ஒரு மூலையில் பால் சிந்திய கறை. செய்தவர்களின் தாள் அப்படித்தான் இருக்கும்.

நாம் முதலில் பேசியது பச்சைக்குழந்தைகளின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். நிலா இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தவள். உங்கள் ஜோயல் அவளையும் முந்திக்கொண்டு, இருபத்தெட்டாவது வாரத்திலேயே அவசரப்பட்டவன். கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"உன்னோடது எது?" என்று கேட்டீர்கள். காட்டினேன்.

"என்னோடது அதுக்கு அடுத்தது. எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரிதான் இருக்கு, மாத்தி எடுத்துட்டுப் போயிடாத." அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உங்கள் கைகளை நீட்டிக் காட்டினீர்கள். "நான் பஸ் ஓட்டுறேன், சுதா. டபுள் டெக்கர். அதைத் திருப்புற கைக்கு இவனைத் தொட பயமா இருக்கு பாரு."

இரண்டு பிள்ளைகளின் தலையையும் ஸ்கேன் செய்தார்கள். நிலாவுக்கு, கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். ஜோயலுக்கு மூளையில் காயம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் கை கால் அசைவில் குறை வரலாம், அதனால் தாமதிக்காமல் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள்.

வியாழக்கிழமைதோறும் அந்த அறையில் சந்தித்தோம். பொம்மைகள் சிதறிய நீல மெத்தையில், இளம் சீனப் பெண்ணான அந்த பிசியோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இந்த வயதில் மூளை இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறது, இப்போது செய்வது பிற்பாடு செய்வதைவிட உதவும் என்றாள். உதவும் என்றுதான் சொன்னாள். குணமாகிவிடும் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. நீங்கள் மெத்தையில் முழங்காலிட்டு, ஜோயலின் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்ல வளைப்பீர்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று பிசியோ என்னிடம் உங்களைக் காட்டுவாள்.

நான் செய்யவில்லை, அக்கா.

முதல் சில நாள் செய்தேன். குப்புறப் போட்டதும் நிலா மூச்சு முட்ட அழுவாள். நான் தூக்கிவிடுவேன். அழுகை மட்டும் காரணமில்லை. அவள் காலைப் பிடிக்கும்போதெல்லாம், இது இறுக்கமா, அந்தக் காலைவிட இது விறைப்பா என்று என் விரல்கள் சோதிக்கத் தொடங்கிவிடும். தொட்டால் ஏதாவது தெரிந்துவிடும் என்று பயந்தேன். தொடாமல் இருந்தால் அவள் வெறும் குழந்தையாக இருந்தாள். விடுப்பு முடிந்து வேலைக்குப் போனதும் அதுவே சாக்காகிவிட்டது. வாரத்தில் இரண்டு தடவை செய்திருந்தால் அதிகம்.

ஆனாலும் நிலா திரும்பிப் படுத்தாள், தவழ்ந்தாள், சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோயலின் கால்களோ கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டன. பேம்பர்ஸ் மாற்றுவதே பாடாக இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினீர்கள்.

ஒரு வியாழன் மதியம், பயிற்சி முடிந்து தேக்கா சந்தைக்குப் போனோம். நீங்கள் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கினீர்கள். குடிக்கவில்லை. தள்ளுவண்டியில் இருந்த நிலா, முன்கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சுதா, உண்மையைச் சொல்லு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யுற?"

நீங்கள் என்னைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. கற்றுக்கொள்ளக் கேட்டீர்கள். அது தெரிந்தும் எனக்கு வெட்கமாக இருந்தது. சோம்பேறி அம்மா என்று நினைத்துவிடுவீர்களோ என்று தோன்றியது.

"அவங்க சொன்ன மாதிரிதான்க்கா. ஆறு தடவை."

"நானும் ஆறுதானே செய்யுறேன்," என்றீர்கள். "அப்ப எங்கேயோ தப்பா செய்யுறேன் போல."

"டாக்டர்தான் ஸ்கேன்லயே சொன்னாங்களேக்கா..."

"டாக்டர் சொல்றது டாக்டர் சொல்றது லா. உன் பொண்ணு என் கண்ணு முன்னாடி நிக்குறாளே."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் நிலாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் வேலையை விட்டீர்கள். ஆறு பத்தாகிவிட்டது என்று பிசியோவிடம் சொன்னீர்கள். அவள் வேண்டாம், பிள்ளையும் களைத்துப்போவான், நீங்களும் ஓய்வெடுக்க வேண்டும் என்றாள். தலையாட்டிவிட்டு வீட்டில் பத்துத் தடவை செய்தீர்கள். "பஸ் எங்கே போயிடப் போகுது, இவன் நடந்ததும் திரும்பி ஓட்டுவேன்" என்றீர்கள். நீங்கள் திரும்பி ஓட்டவேயில்லை.

காத்தோங்கில் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, சிலோன் சாலைப் பிள்ளையார் கோயிலுக்கு நீங்களே என்னைக் கூட்டிப்போனீர்கள். "உங்க சாமி இங்க இருக்காரு, எங்க சாமிகிட்ட ஞாயித்துக்கிழமை நான் சொல்லிடுறேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்." வாசலில் ஜோயலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் உள்ளே போய்க் கைகூப்பினேன். என்ன கேட்டேன் தெரியுமா? நீங்கள் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று.

பெருமூளை வாதம் என்று ஜோயலின் குறைக்கு டாக்டர் பெயர் சொன்ன மாதத்தில்தான் நிலா நடந்தாள். அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பவில்லை. உங்களைக் காயப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நாங்கள் இருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து அவ்வளவு தூரம் வர நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஜோயல் கரண்டியைத் தானாகப் பிடித்தான் என்று படம் அனுப்பினீர்கள். ஒரு இதயப் படத்தைத் தட்டிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

கடைசியாக உங்களைப் பார்த்தது தீபாவளிக்கு முந்தைய ஒரு பகல், லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில். சக்கர நாற்காலியோடு லிஃப்டுக்காகக் காத்திருந்தீர்கள். நிலா எனக்கு முன்னால் படிகளில் குதித்து ஏறிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்து மறுபக்க வாயில் வழியாக வெளியேறினேன். நீங்கள் பார்த்தீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்கள் சேர்ந்து தொடங்கிய பழைய வாட்ஸ்அப் குழுவில் யாரோ உங்களைப் பற்றிச் செய்தி போட்டிருந்தார்கள். கணையத்தில் புற்றுநோயாம். கண்டுபிடித்து மூன்றே மாதம். நான் பார்த்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் கணவர், அண்ணன்தான் கதவைத் திறந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு, "சுதாவா? வாம்மா" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஜோயல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தான். தோள்கள் உங்கள் தோள்கள். பேச்சு கொஞ்சம் நிதானமாக வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

"நீங்க நிலா அம்மா. அம்மா போன்ல உங்க போட்டோ இருக்கு."

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் வரைந்தான். பிறகு நிமிராமலே சொன்னான்: "ஸ்ட்ரெச் பண்றப்ப அம்மா என் காலுக்கு சாரி சொல்வாங்க. எவ்ரி டே. நான் பேபியா இருக்கும்போது சரியா பண்ணலையாம்."

அதற்குமேல் என்னால் சோபாவில் உட்கார முடியவில்லை. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஆறு தடவை என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன் என்று. நான் செய்யாமலே நிலா நடந்தாள், உன் அம்மா அத்தனையும் செய்தும் உன் கால்கள் இப்படி ஆயின, பிறக்கும்போதே பட்ட காயம் அது என்று. "உன் கை இவ்ளோ அழகா பென்சில் பிடிக்குதே, நீ நிமிர்ந்து உட்காருறியே, அதுக்கு அவங்க உழைச்சிருக்காங்கப்பா."

"அப்ப அம்மா ஒண்ணும் தப்பா பண்ணல?"

"ஒண்ணுமே இல்லப்பா."

பென்சிலைக் கீழே வைத்தான்.

"இதை அம்மாகிட்ட சொன்னீங்களா, ஆண்ட்டி?"

"இல்ல," என்றேன்.

அண்ணன் காப்பிக் குவளைகளோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. குவளைகளை மேசையில் வைத்தார். "ஹாஸ்பிஸ்ல கடைசி வாரம்கூட கேட்டாம்மா," என்றார். "'சுதாவும் ஆறுதானே செஞ்சா, நான் எங்க விட்டேன்?'னு. எனக்குப் பதில் தெரியல." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காப்பியைக் குடிக்கச் சொன்னார், குடித்தேன். லிஃப்ட் வரும்வரை கூடவே நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்தேன். ஜோயல் நன்றாகப் பேசுகிறான். அந்தக் கேள்வியை அவன் மறுபடி கேட்கவில்லை.

நிலாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். இப்போது பேசுகிறாள். பள்ளியில் ஓட்டப்பந்தய அணியில் சேரப் போகிறாளாம். மாலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஓடிப் பழகுகிறாள். நான் மேலே தாழ்வாரத்தில் நின்று பார்க்கிறேன். முன்பெல்லாம் அவள் ஓடுவதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் மட்டுமே வரும். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் அவளுக்குப் பின்னால், குனிந்து ஒரு சின்னக் காலைப் பிடித்தபடி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நீங்கள் இருக்கிறீர்கள். கேட்க வேண்டியவள் நான், அக்கா.