நான் தனியாகத் துடைத்த பெட்டி

அண்ணா,

காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசனை. எத்தனை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. உங்கள் விரலிலும் எந்நேரமும் இதுதான் இருக்கும். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உங்களுக்குச் சோறு போடுவார்.

உங்களோடு விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர்கள் தோட்டம் வாங்கினார்கள். நீங்கள் கஞ்சிக்கோட்டுப் பழைய இரும்புக் கடைகளில், பட்டாளத்து விமான மெக்கானிக்குகள் வைத்திருந்த டூல்ஸ் பெட்டிகளைத் தேடி வாங்கினீர்கள். முதல் பெட்டியை உப்புத்தாளால் தேய்த்து, பச்சைப் பெயின்ட் அடித்துத் தேர் மாதிரி நிறுத்தினீர்கள்.

"பேரு எங்கீங்ணா?"

"எந்தப் பேரு?"

"மூடிக்குள்ள எழுதியிருந்துச்சே, பொட்டிக்காரரு பேரு. துருவோட சேத்தித் தேச்சுப் போட்டீங்களா?"

அன்று மதியம் நீங்கள் சாப்பிடவில்லை. அடுத்த பெட்டியை என் பக்கம் தள்ளினீர்கள். பழைய வேட்டித் துணியில் தின்னரைத் தொட்டு, விரலகலம் விரலகலமாக மேல்பூச்சை மட்டும் எடுத்தேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எது எழுத்து, எது அழுக்கு என்று தெரியும். அதற்குப் பிறகு வந்த பெட்டிகளில் ஒரு பெயர்கூட அழியவில்லை. கீலும் பூட்டும் உங்கள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து அதையும் பார்த்து வைத்தேன்.

பெட்டிக்குள் இருக்கும் தட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே குழி இருக்கும். "ஒரு குழி காலியா இருந்தாலும் பிளேன் மேல போகக்கூடாது அம்மிணி. சாமான் எஞ்சினுக்குள்ள கெடக்குதோ என்னமோ" என்பீர்கள்.

அவ்வளவு சொல்லிக்கொடுத்தவர், பார்க்க வந்தவர்களிடம் என்ன சொன்னீர்கள்? "எல்லாம் நானே பண்றதுங்க. தங்கச்சி தொடச்சுக் குடுப்பா." காபித் தட்டோடு கதவருகில் நின்று கேட்டேன். மறுநாள் உங்கள் காபியில் சர்க்கரை போடவில்லை. நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் மகன், "அப்பாவே இல்லைங்கத்தை. பொட்டியெல்லாம் கடைக்கே போட்டுரலாங்களா?" என்றான்.

"என்னையும் சேத்தித் தூக்கிப் போட்டுரு."

"செரி, அப்பா கடைசியா வாங்கிப் போட்டுட்டுப் போன பொட்டிய முடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே தொறக்கல." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

கடைக்காரன் அடித்த நீலப் பெயின்ட் பெட்டி முழுக்க. பூட்டு இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு அசைத்து அசைத்தே திறந்தேன். நீலத்துக்கு அடியில் சாம்பல் நிறம், அதன்மேல் வெள்ளை எழுத்து. ஒன்றுகூடச் சிதையவில்லை அண்ணா.

போன வாரம் உங்களோடு பட்டாளத்தில் இருந்த முதலமடை ஊர்க்காரர் வந்தார். முதலில் குழிகளைத்தான் பார்த்தார், எதுவும் காலியில்லை. மூடியை மூடித் திறந்தார், கீல் முனகவில்லை. பெயரை வாசித்தார். பெட்டிக்காரர் வடநாட்டுக்காரராம்.

"இது அவரு கைவேலைதானுங்க. வேற யாருக்கு வரும்?"

"அவரு தொடவே இல்லீங்க. பூட்டு, கீலு, எழுத்து எல்லாம் நான்."

"சும்மா சொல்லாதீங்கம்மா."

உங்கள் மகன் குறுக்கே வந்தான். "நெசந்தானுங்க. அத்தை பண்ணுன பொட்டி."

கடைக்குப் போடச் சொன்ன அதே உங்கள் மகன்தான் முந்தாநாள் கஞ்சிக்கோட்டிலிருந்து இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். அதன் வாசனைதான் இந்த இட்லியில்.

மற்ற எல்லாவற்றையும் மனசிலிருந்து விட்டுவிட்டேன் அண்ணா, உங்கள் அந்த ஒரு சொல்லைத் தவிர. அதை மன்னிக்க மாட்டேன். ஒவ்வொரு எழுத்து தெரியும்போதும், "தொடச்சுக் குடுப்பான்னு சொன்னீங்கல்ல, இப்பப் பாருங்க" என்று சண்டை பிடிக்க எனக்கு நீங்கள் வேண்டும்.